பழைய எக்ஸ்ரே

எக்ஸ்ரே மாட்டும் பெட்டியின் வெள்ளை வெளிச்சம் டாக்டர் சதாசிவராவின் மூக்குக்கண்ணாடியில் விழுகிறது. நாற்காலி காலியாக இருந்தும் அமுதவல்லி உட்கார மறுக்கிறாள். பெங்களூர் அடுகோடியில் தையல் வேலை செய்யும் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று சொல்லி சதாசிவராவ் இரண்டு முறை அறுத்திருக்கிறார். இரண்டாம் முறை ரத்தம் நிற்காமல் அவள் பிழைத்ததே பெரிது. புதிதாக வந்திருக்கும் டாக்டர் நளினா, முதல் அறுவைக்கு முன்பே எடுத்த, 1993 என்று எழுதிய படத்தில், இடுப்பெலும்புக்கு நடுவே மிளகளவில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளைப் பேனாவால் தொடுகிறார். "இது மூலமே இல்லம்மா. பொறக்கும்போதே குடல் சுவத்துல ரத்தக்குழாய்ங்க கொத்தா வளந்திருக்கு. அதுக்குள்ள உறைஞ்ச ரத்தம்தான் இப்படிக் கல்லாயிடுச்சு."

"நோடம்மா, பாரும்மா, ரொம்ப அபூர்வமான கேஸ். யாருக்கும் சட்டுனு தெரியாது," என்கிறார் சதாசிவராவ், படத்தின் பக்கம் திரும்பாமல்.

"அபூர்வமாவே இருக்கட்டும் சார். நீங்க அறுத்த ரெண்டு வாட்டியும் இந்தப் படம் உங்க மேஜ மேலதானே இருந்துச்சு?" என்கிறாள் அமுதவல்லி.

சதாசிவராவ் பெட்டியின் விளக்கை அணைக்கக் கை நீட்டுகிறார். அமுதவல்லி முந்திக்கொண்டு சுவிட்சை உள்ளங்கையால் மூடுகிறாள்.

"இப்பவாச்சும் பாருங்க."