கண்ணில் சொட்டு மருந்து

"நா வர்ல லைப்ரரி அக்கா. வர்றவங்கள இட்டுக்கினு போ."

குடிசை வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செண்பகம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நூலகர் தேவானைக்குச் சுருக்கென்றது. கால்வாய்க்கரைக் குடிசைகளில் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கி அழைத்திருந்தாள். நூலக வார விழாவில் இந்த ஜனங்களுக்காகவே இலவசக் கண் பரிசோதனை. பிள்ளைகளுக்குக் கதை, பாட்டு. எல்லோருக்கும் பிரிஞ்சிப் பொட்டலம். யார் செய்கிறார்கள் இவர்களுக்கு இதெல்லாம்?

"ஊசியில நூல் கோக்க முடியலன்னு நீதானே சொன்னே? கண்ணாடியே சும்மா தர்றாங்க, செண்பகம்."

"அல்லாரும் போய்ட்டா வூட்டாண்ட யாரு கீறது?"

"இங்க அப்படி என்ன இருக்கு, எவன் வந்து தூக்கிட்டுப் போகப்போறான்?"

சொன்ன பிறகுதான் அதிகப்படியாகச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது. செண்பகம் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

'சிலதுகளைத் திருத்தவே முடியாது' என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தேவானை மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

விழா யோசனை வாசகர் வட்டத் தலைவர் சந்திரமௌலியுடையது. பாங்கில் பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர். அபிராமபுரத்தில் வீடு. மாடி பால்கனியில் நின்றால் கால்வாயும் குடிசைகளும்தான் தெரியும்.

போன வருஷம் வரை குடிசை ஜனங்கள் விஷயத்தில் அவருக்கும் தேவானைக்கும் ஏழாம் பொருத்தம். "அவா பேப்பர் படிக்கவா வரா? ஃபேன் காத்துக்கு வரா. உள்ளே விடாதேங்கோ" என்பார். "இது எல்லாருக்கும் பொது சார்" என்று தேவானை மசியாமல் இருந்தாள். மேலிடம் வரைக்கும் புகார் போயிற்று. அப்போதும் மசியவில்லை.

அதே மனிதர் ஒருநாள் அவள் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் பேசினதெல்லாம் தப்பு, தேவானை. அவாளுக்கு ஏதாவது செய்யணும்னு தோண்றது. நான் கூப்ட்டா நம்ப மாட்டா. நீங்க கூப்ட்டா வருவா. ஒருத்தர் பாக்கி இல்லாம அழைச்சுண்டு வாங்கோ."

தேவானைக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் மாறுவான், கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும் என்று அன்றைக்கு வீட்டில் போய்க்கூடச் சொன்னாள்.

நூலகம் நிரம்பி வழிந்தது. டாக்டர்கள் பெரியவர்களின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைத்தார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டே இருங்க. திறந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும்."

"லைப்ரரிக்கு வந்து கண்ண மூடிக்கினு குந்திக்கீற கூட்டம் நாங்கதான்" என்றார் மூட்டை தூக்கும் துரைராஜ். எல்லோரும் சிரித்தார்கள். தேவானையும் சிரித்தாள்.

சந்திரமௌலி பேசினார். நிறையப் பேசினார். பிறகு இரண்டு பெண்கள் பாடினார்கள். முடித்ததும் இன்னொன்று பாடச் சொன்னார். பிரிஞ்சி வாசனைக்குப் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தன.

"சார், பசங்க பசிக்குதுங்கறாங்க. பொட்டலம் குடுத்துடலாமா?"

"இருங்கோ. சாப்ட்டா எழுந்து போயிடுவா. இன்னும் ஒரு பாட்டு கேக்கட்டும்."

சொல்லிவிட்டு அவரே போய் வாசல் கேட்டைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். "குழந்தேள் ரோட்டுக்கு ஓடிடப்போறது."

பெற்றவர்களுக்கே இல்லாத அக்கறை என்று தேவானை நினைத்துக்கொண்டாள்.

பாட்டு பாதியில் இருந்தபோதுதான் கேட் ஆடுகிற சத்தம் கேட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு செண்பகம் நின்றிருந்தாள். புடவையெல்லாம் மண். முழங்கையில் ரத்தம்.

"கதவத் தொற லைப்ரரி அக்கா."

"என்ன ஆச்சு?"

"புல்டோசர் வந்துக்கீது. போலீசு வந்துக்கீது. பாதி வூடு போய்ச்சு. நா ஒருத்தி எத்தினி வாசல்ல குறுக்க வுழுவேன்?"

தேவானை தாழை நீக்கினாள். உள்ளே பாட்டு நின்றது.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கண் தெரியவில்லை. பெஞ்சில் இடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கையை நீட்டித் துழாவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வெளியே வெயில் பட்டதும் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. துரைராஜ் மதில் சுவரைத் தடவிக்கொண்டே, "எந்தப் பக்கம்மா? எந்தப் பக்கம்?" என்று மகளைக் கேட்டபடி ஓடினார்.

தேவானையும் பின்னாலேயே ஓடினாள். செண்பகம் திரும்பி அவளைத் தடுத்தாள். குரல் உயரவில்லை.

"நீ வராத. நீ கூப்ட்டன்னுதான் அல்லாரும் வந்தாங்க."

தேவானை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். யாருக்காவது தகவல் சொல்ல வேண்டும். பத்திரிகை ஆபீசுக்கு, தெரிந்த வக்கீலுக்கு, யாருக்காவது. தன் மேஜையில் இருக்கிற போன் நினைவுக்கு வரவும் நூலகத்துக்கு ஓடினாள்.

ஹாலில் யாரும் இல்லை. மூலையில் பிரிஞ்சிப் பொட்டலங்கள் அடுக்கியபடி இருந்தன.

போன் சந்திரமௌலியின் கையில் இருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவரும் உதவிக்குத்தான் யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து, மூச்சு வாங்கப் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாட்டு முடியறதுக்குள்ள தரைமட்டம் ஆக்கிடுவேன்னேளே சார், நானும் எத்தனை பாட்டுதான் பாடச் சொல்றது?"