டிரைவருக்கு டீ

“நான் கூப்பிடாம ஹாலுக்கு வந்துடாதே” என்றாள் பெண், முகத்தைப் பார்க்காமல். சமையல்காரம்மா குனிந்து அவளுடைய புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிம்மா என்று எழுந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் ஒரே தரம் என்று வீட்டுக்கார ஐயா சிரித்தது சமையலறை வரை கேட்டது.

டிரைவருக்கு வெளியிலேயே டீ கொடுத்துவிடச் சொன்னார் வீட்டம்மா. பழைய டம்ளரில்.

ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே கார் நின்றது. உள்ளே இருந்த வயதானவர் கண்ணாடியை இறக்கப் பொத்தானைத் தேடினார். அகப்படவில்லை. கதவைத் திறந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

டீ கொண்டுவந்த சமையல்காரம்மா போகாமல் நின்றாள். பையன் குடிப்பாரா, கை நீட்டுவாரா என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினார். பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கும், சில நாள் விடிய விடிய கூட உட்கார்ந்திருக்க வேண்டும், அதெல்லாம் செய்வாரா என்றாள்.

“அவங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப தூக்கிக் குளிப்பாட்டினவன்மா அவன். கடைசி மூச்சு வரைக்கும்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் சாய்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அது யாரு?”

டம்ளரை டாஷ்போர்டில் வைத்தார். பிறகு, உள்ளே இருப்பது பையனுடைய ஆபீஸ் பெரியவரும் அவர் மனைவியும் என்றார். பையன் கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறார்கள். சரக்கு வேன் ஓட்டுகிறவன் மகனுக்கு இந்த மாதிரி வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்றார்.

“பெத்தவன் நான்தாம்மா. வண்டியிலயே இருந்துக்கறேன்னு நானேதான் சொன்னேன்.” அவர் குரல் உயர்ந்தது. “உள்ள சொல்லிடாதீங்க. கல்யாணம் நின்னுபோயிடும்.”

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பெண் தலைகுனிந்து தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காரை ஒட்டி நின்று, அவரை மறைத்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுங்க, சம்பந்தி.”