முனேஹாருவின் முழங்கால்

"இதுக்கு மேல என்னால ஆகாது இகுயோ" என்று இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கோயிலின் சிவப்பு வளைவைத் தாண்டியதுமே உட்கார்ந்துவிட்டார் முனேஹாரு.

மலைப்பாதை அந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. நேரே செங்குத்தாக ஏறும் கல்படிகளுக்கு ஆண் படி என்று பெயர். தேவதாரு மரங்களுக்கு நடுவே சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு போவது பெண் பாதை. நாற்பது வருடம் தீயணைப்பு நிலையத்தில் ஏணி ஏறிய முனேஹாரு, எந்த மலையிலும் பெண் பாதையில் கால் வைத்ததில்லை.

இகுயோ படிகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கணவரைக் குனிந்து பார்த்தாள். "உங்களை நம்பிக் கிளம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று முணுமுணுத்தபடி பெண் பாதையில் திரும்பினாள்.

முனேஹாருவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவர் முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

வசந்தத்தில் இகுயோவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. காட்டில் மெதுவாக நடந்தால் நல்லது, செங்குத்தாக ஏறினால் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இவளோ தன் நடைச் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, இலையுதிர் காலம் முடிவதற்குள் ஒரு மலைக்கோயிலுக்கு ஆண் படி ஏறிப்போய் சாமிக்கு நன்றி சொல்வேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் போட்டுவிட்டு வந்தாள். உன்னால் முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால், அதற்காகவே இரண்டிரண்டு படியாகத் தாவுகிற ரகம்.

அதனால் முனேஹாரு வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் வரைபடங்களை அலசி இந்த மலையைப் பிடித்தார். வாசல் வரை பஸ், திருப்பத்துக்குத் திருப்பம் பெஞ்சு, உச்சியில் நூடுல்ஸ் கடை. ஆண் படியும் இருந்ததால் அவளும் சரி என்றாள். மிச்சத்தை முழங்கால் பார்த்துக்கொள்ளும் என்று, கொஞ்ச நாளாகவே வலிக்கு மருந்துப்பட்டை ஒட்டிக்கொண்டு வீட்டில் முனகிப் பழகியிருந்தார்.

மலையில் எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். இன்று வணக்கத்தோடு அனுதாபமும் வந்தது. கரடியை விரட்டப் பையில் மணி கட்டியிருந்த ஒருவர் தன் ஊன்றுகோலையே அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். மறுத்தால் மரியாதை இல்லை என்று வாங்கிக்கொண்டார். கோல் வந்த பிறகு நொண்டுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

போதாக்குறைக்கு, நிலையத்தில் அவரிடம் வேலை பழகிய இருவர் எதிரே வந்தார்கள். பெண் பாதையில் கோலோடு நிற்கும் பழைய தலைவரைப் பார்த்ததும் பாவம், அவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாளைக்கு ஊர் முழுக்க இதே பேச்சாக இருக்கும் என்று நினைத்தபோது முனேஹாருவுக்கு நிஜமாகவே எங்கேயோ வலித்தது.

இகுயோ அவர் பையைக் கழற்ற வந்தாள். அவள் பாரம் தூக்கக் கூடாதே என்று அவர் பதறிப்போய், பை இருந்தால்தான் கால் நிதானமாக நிற்கிறது என்று ஒரு விளக்கம் கொடுத்தார்.

"அப்ப இதையும் மாட்டிக்குங்க. இன்னும் நிதானமா நிக்கும்" என்று தன் பையையும் அவர் தோளில் மாட்டிவிட்டு, அவள் கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் இவர் முனகுவார். இருவரும் பெஞ்சில் உட்காருவார்கள். தீயணைப்பு வீரருக்கு வாய்த்த காலைப் பார் என்று அவள் கேலி செய்வாள். அவள் நெஞ்சில் வைத்த கை கீழே இறங்கிய பிறகுதான் இவருக்கு வலி விடும்.

ஒரு திருப்பத்தில் மேப்பிள் மரம் ஒன்று செக்கச்செவேல் என்று நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே முனேஹாரு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பின்னால் பெஞ்சுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இந்த இடத்துல உங்களுக்குக் கால் வலிக்கலையா?"

அவர் சட்டென்று கோலை ஊன்றித் திரும்பி வந்து, வலது முழங்காலைத் தடவிக்கொண்டே பெஞ்சில் சரிந்தார். "வலி உயிர் போகுது" என்றார். இகுயோ பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக உச்சிக்கு வந்தார்கள். சன்னதியில் காசு போட்டு, வழக்கப்படி இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, இகுயோ கண்ணை மூடி நின்றாள். அன்று ஆஸ்பத்திரி நாற்காலியில், இவள் இனி என்னைத் திட்டவே மாட்டாளோ என்று பயந்து உட்கார்ந்திருந்தது முனேஹாருவுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சாமிக்கு அவரும் ஆழமாகக் குனிந்தார்.

நூடுல்ஸ் கடையில் சூடான கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும், இனி கவலையில்லை என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. நாடகத்தை மங்களமாக முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"என் காலாலதான் உன் சபதம் கெட்டுப்போச்சு. சங்கத்துல உனக்குத் தலைகுனிவு. மன்னிச்சுக்கோ இகுயோ."

இகுயோ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, மிச்சச் சாற்றை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"சங்கத்துக்காரங்க எல்லாரும் கீழ பஸ்ஸுக்கு வந்து நிப்பாங்க. உங்க காலைச் சொல்லித்தான் நான் தப்பிக்கணும்" என்றாள். "இடதா வலதா, அதுக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணுங்க."