விழ மறுக்கும் சர்வர்

மருத்துவமனையின் முன்பதிவு சர்வர் காலையிலிருந்து விழுந்து விழுந்து எழுகிறது. விழும்போதெல்லாம் அங்கே நோயாளிகளின் வரிசை நீள்கிறது. ஏன் விழுகிறது என்பதுதான் தெரியவில்லை. நடப்பதை வரிவரியாகப் பதிந்து கிளவுடுக்கு அனுப்புவதற்காக சர்வருக்குள் போட்டிருக்கும் குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, கடைசி வரிகளை அனுப்புவதற்குள் சர்வரோடு சேர்ந்து தானும் செத்துப்போகிறது. “லைட்வெயிட்னு சொல்லி நீங்கதானே இதைப் போட்டீங்க?” என்கிறாள் மென்பொருள் அலுவலகத்தில் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராமர், கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “லைட்டாத்தானே இருக்கு,” என்கிறார் டீம் லீடர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘சாவதற்கு முன் கையில் இருப்பதை எல்லாம் அனுப்பிவிட்டுச் சா’ என்று அதற்குப் புரியும்படி நான்கு வரி எழுதி ஏற்றுகிறாள். இருவரும் காத்திருக்கிறார்கள். சன்னல் திரையின் இடுக்கில் நுழைந்த மதிய வெயில் விசைப்பலகையில் கோடு போடுகிறது. ஏசி இரைகிறது. ஆறிய காபியில் ஆடை படர்கிறது. கிளவுடில் ‘எல்லாம் சரி’, ‘எல்லாம் சரி’ என்று வரிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. சர்வர் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. “விழுந்து தொலையேன்,” என்று அவள் முணுமுணுக்கிறாள். போன் அடிக்கிறது. மருத்துவமனையின் வரவேற்பாளர். குரலில் அப்படியொரு நிம்மதி. “சரியாயிடுச்சு மேடம், ரொம்ப நன்றி. என்னதான் பிரச்சினை?” அவள் டீம் லீடரைப் பார்க்கிறாள். அவர் சன்னலைப் பார்க்கிறார். “மறுபடி விழட்டுங்க,” என்கிறாள் அவள், “சொல்றேன்.”