குரலை மாற்றிவிடுவோம்

பல் மருத்துவமனையின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தன் மகளின் மங்கலாக்கப்பட்ட முகம் வந்தபோது, அம்மா பக்கத்து நாற்காலியில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த மகளின் பக்கம் திரும்பவில்லை.

திரும்பினால் யாராவது கவனித்துவிடுவார்கள்.

திருநங்கை மாணவி தொடர்ந்த வழக்கில் பள்ளி நிர்வாகம் சமரசத்துக்கு இறங்கி வந்தது என்று திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. மாணவிகளின் வரிசையில் நிற்கவிடாமல் ஒதுக்கி, கடைசியில் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பியதற்கு வருத்தம் தெரிவித்ததாம்.

பேட்டி எடுக்க வந்தவர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்கள். "முகத்தை மறைச்சிடுவோம்மா. குரலையும் மாத்திடுவோம். பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

இந்த ஊருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இங்கே அவள் பல்வலியோடு வந்த ஒரு பெண். அவ்வளவுதான். பழைய வீட்டுச் சுவரில் கரியால் எழுதியதைப்போல இங்கேயும் யாராவது எழுதினால், இன்னொரு வீடு தேட அம்மாவுக்குத் தெம்பு இல்லை.

கடவுளே, இந்தப் பல்லைப் பிடுங்கும்வரையாவது யாருக்கும் தெரியவேண்டாம்.

முகம் மறைந்துதான் இருந்தது. கைகள் மறையவில்லை.

மணிக்கட்டில் அந்தப் பெரிய கைக்கடிகாரம். மெலிந்த கையில் நிற்காமல் நழுவும் ஆண்கள் கடிகாரம். அதன் வாரில் ஆணியால் குத்திய ஒரு துளை.

துளை போட்டது அப்பா. முதல்முறை நீதிமன்றத்துக்குப் போன காலையில் தன் கையிலிருந்து கழற்றி மகளின் கையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடவே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வக்கீலிடமும் 'எம்பிள்ளை' என்றார், டாக்டரிடமும் 'எம்பிள்ளை' என்றார். மகன் என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். மகள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சமரசம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முகம் போட்டோவில் இருக்கிறது. குரல்தான் எதிலும் இல்லை. போனில் 'ம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர். தொண்டைக்குள் மணல் உருள்வது போன்ற அந்தக் குரலை ராத்திரிகளில் நினைவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள் அம்மா. கொஞ்ச நாளாக அது வருவதில்லை.

மகள் சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கும்தான் ரெண்டு வருஷமா பல்லு வலிக்குது. யார் மேல கேஸ் போடலாம்?" என்றார் ஈறு வீங்கிய ஒருவர்.

"கீழ கமெண்ட்டைப் படிங்க சார். கிழிச்சுத் தோரணம் கட்டியிருக்காங்க," என்றான் போனை நோண்டிக்கொண்டிருந்த இளைஞன்.

"சும்மா இருங்க. யார் பெத்த பிள்ளையோ," என்று கணவரின் முழங்கையை இடித்தாள் ஈறு வீங்கியவரின் மனைவி. பிறகு தணிந்த குரலில், "நல்ல வேளை, நம்ம வீட்டுல இல்ல."

அப்போதுதான் திரையில் அந்த உருவம் பேசத் தொடங்கியது.

கனத்த, மெதுவான, அடித்தொண்டைக் குரல். குரலை மாற்றுவதென்றால் கீழே இறக்குவது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

"பொண்ணுங்குது. இந்தக் குரலுக்கு எங்க பெரியப்பா தோத்துடுவார்," என்றார் ஈறு வீங்கியவர்.

இந்த முறை மனைவியும் சிரித்துவிட்டாள்.

மகள் குனிந்துகொண்டாள். இப்படி ஒரு குரல் தன் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயந்துதான் அவள் நாலு பேர் நடுவில் சத்தமாகப் பேசுவதையே விட்டிருந்தாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். "இந்தா தங்கச்சி, கன்னத்துல வெச்சுக்கோ."

வாங்கக் கை நீட்டியபோது சட்டைக் கை விலகியது.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மேசைக்குத் திரும்பிப் போய் ரிமோட்டை எடுத்தாள்.

"எப்பப் பாரு இதே நியூஸ். பாட்டு வைக்கிறேன்," என்றாள் பொதுவாக.

தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதும் ஒரு தருமம்தான். அம்மா வேண்டிக்கொண்டதும் அதைத்தானே.

ஆனால் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"மாத்தாதேம்மா," என்றாள். "அவர் பேசி முடிக்கட்டும்."

அவர் என்ற சொல்லைக் கேட்டதும் மகள் அடிபட்டவளைப்போல நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள்போல நின்றாள்.

மகளும் கேட்டாள்.

கன்னத்திலிருந்த பனிக்கட்டி மெல்ல மடிக்கு இறங்கியது.

இவ்வளவுக்கும் பிறகு உங்களுக்குக் கிடைக்காமல் போனது ஏதாவது உண்டா என்று திரையில் யாரோ கேட்டார்கள்.

தொண்டைக்குள் மணல் உருண்டது.

"இவ என் பொண்ணு," என்றது அந்தக் குரல்.

"அப்படின்னு எங்கப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்" என்ற மீதியை மற்றவர்கள்தான் கேட்டார்கள்.