தறி பார்க்க வந்த கார்

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் நெசவுத் தெருவில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது.

இறங்கியவர் கையில் ஒரு காகிதம். சந்திரகிரிக் கோட்டை, காளத்தியில் துணியில் படம் எழுதுகிறவர்கள், எங்கள் தறி, கடைசியாக நாகலாபுரம் கோயில் என்று வழி போட்டு வைத்திருந்தார். கைத்தொழில் பார்க்கக் காரில் ஊர்சுற்றுகிறாராம். வேலைவெட்டி இல்லாத ஜென்மம்.

எங்கள் கவலை வேறு. மாநில எல்லையைத் திருத்துகிறார்கள் என்று, ஊரை மதராசோடு சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருந்தோம். ஆந்திராவிலேயே நின்றுவிட்டால் தமிழ் வாத்தியார் போய்விடுவார். ஐந்தாவது படிக்கும் என் மகள் சுலோசனாவின் படிப்பும் அதோடு சரி.

திங்கட்கிழமை விசாரிக்க ஆபீசர் வருகிறார். மேளத்துக்குச் சொல்லியாயிற்று. 'இது தமிழர் ஊர்' என்று நானே பலகை எழுதி வாசலில் சாத்தி வைத்திருந்தேன்.

கார்க்காரர் தெலுங்கில் பேசினார். பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு நானும் தெலுங்கிலேயே வரவேற்றேன். சந்தையில் நாங்கள் பேசுவது அதுதான். தன் ஆள் என்று நினைத்துவிட்டால் பேரம் பேசமாட்டார்கள்.

செருப்போடு உள்ளே வந்தார். நூலை முகர்ந்து பார்த்தார். தறிக்குழியில் தானும் கொஞ்சம் உட்கார வேண்டுமாம்.

"இந்தத் தொப்ப குழியில மாட்டிக்கினா நாலு பேரு வந்து இழுக்கணும்" என்று என் மனைவி தாட்சாயணி காதோடு சொன்னாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். தெலுங்குதான் என்றேன்.

தெரு முழுக்கவா என்றார். முழுக்கத்தான் என்றேன். இந்த மாதிரி ஆளிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காகிதத்தின் பின்பக்கம் ஏதோ குறித்துக்கொண்டார். கிளிப்பச்சைச் சேலை ஒன்றைச் சொன்ன விலைக்கே வாங்கினார். சுத்த முட்டாள்.

சேலையைக் கார் வரைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் மட்டும் என் பக்கம் தலையை நீட்டித் தமிழில் சொன்னார்.

"திங்கக்கெழமைக்குக் காத்துக்கினு இருக்காதீங்கண்ணா. அந்த ஆபீசரு இவருதான். லீவு நாளாச்சேன்னு தறி பாக்க வந்தாரு, அப்படியே விசாரணையும் முடிச்சிக்கினாரு."

கார் போய்விட்டது.

சுலோசனா வாசலுக்கு வந்தாள். பலகையை நேராகத் திருப்பி வைத்து, எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் உரக்கப் படித்தாள்.