நாற்பத்திரண்டு நாள் ரொட்டி

நாற்பத்திரண்டாவது நாளாக, மாலை நான்கு மணிக்கு, எதிர்வரிசைப் பூட்டுக்கடைக்காரர் தன் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்தார். சட்டை புதிது. தலை படிய வாரியிருந்தது.

"வர்றார்டி உன் ஆளு," என்றாள் பேக்கரியின் கல்லாவில் இருந்த அக்கா. "இன்னிக்குக் கண்டிப்பா சொல்லிடுவார். சட்டையப் பாரு, கடை மடிப்பு கூடக் கலையல."

"சும்மா இருக்கா," என்றாள் தங்கை. அங்கே மாவு பிசைவதும் சுடுவதும் அவள் வேலை. காதோரம் ஒட்டியிருந்த மாவைத் துடைக்கப் போய்க் கன்னம் முழுக்கப் பூசிக்கொண்டாள்.

அக்கா சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரு மனிதர் தினமும் வந்து, கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு நாலு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டுப் போகிறார் என்றால் அது ரொட்டிக்காக இருக்க முடியாது.

பன்னிரண்டாம் நாள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல் சுவரில் சாய்ந்துவிட்டார். தங்கை பதறிப்போய்க் கேட்டாள். "கோதுமை எனக்கு ஒத்துக்கல போல. ஆனா நான் தினம் வந்தே ஆகணும்," என்று தரையிடம் சொல்லிவிட்டு ஓடிப்போனார். "உனக்காக வயித்து வலியையே தாங்குறாருடி," என்று அக்கா அன்று முழுக்கச் சிரித்தாள். தங்கைக்குத்தான் இரவு தூக்கம் வரவில்லை.

இன்றும் அவர் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கை தன் பையிலிருந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய சின்ன ரொட்டி ஒன்றை எடுத்து நாலு துண்டு போட்டாள்.

"கடை நிறைய ரொட்டி இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் வீட்டுல சுட்டு வருது," என்று அக்கா மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டா, கடை அடுப்பு சரியில்லையாம்."

அவர் முதல் துண்டை எடுத்ததும் பாதி உதிர்ந்து புதுச் சட்டையில் விழுந்தது.

"இப்பல்லாம் தொட்டாலே உதிருதுங்க."

"பிடிக்கலையா?"

"அய்யோ, இதுதான் நல்லா இறங்குது."

நாலாவது துண்டையும் முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். அக்கா கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னியோட கடைசிங்க. நாளையிலேர்ந்து ரொட்டி வேண்டாம்."

அக்காவின் கையிலிருந்த சில்லறை தரையில் உருண்டது.

"டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடியுது," என்றார் அவர். "சீலியாக்னு ஒரு நோய். கோதுமையில இருக்கிற குளூட்டன் உள்ள போனா, உடம்பே தன் குடலைத் தாக்குமாம். அது எனக்கு இருக்கான்னு பார்க்கணும். தினம் நாலு துண்டு சாப்பிட்டுட்டு ரத்தம் குடுக்கச் சொன்னார். எங்கம்மா கோதுமைய வீட்டுக்குள்ளயே விடறதில்ல. அதான் இங்க வந்தேன். வயித்து விஷயத்தப் பொம்பளைங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லல."

"சந்தேகம்னா நிறுத்தத்தானே சொல்லுவாங்க?" தங்கையின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நிறுத்திட்டா ரத்தத்துல தடயம் மறைஞ்சிடும். நோய் இருந்தாலும் இல்லன்னு காட்டும். திருடன் உள்ள வந்தாத்தானே பிடிக்க முடியும், கதவைத் திறந்து போடுங்கன்னார். பூட்டுக்கடைக்காரன் கிட்டயே சொல்றார் பாருங்க."

தங்கை வெள்ளைத் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அப்ப இத்தனை நாளும் மருந்துக்குத்தான் வந்தீங்களா?" என்றாள் அக்கா.

"வந்தது மருந்துக்குத்தான்." அவர் காது சிவந்தது. "அப்புறம், மணி எப்படா நாலாகும்னு இருந்துச்சு. நாளைக்கு ரத்தம் குடுக்கிறேன். ஒண்ணும் இல்லன்னு வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்களைப் பார்க்க வர்றேன். இவங்க விஷயமா."

"இருக்குன்னு வந்தா?"

"அப்ப அம்மா ஒத்துக்க மாட்டாங்க. மாவுலயே குளிக்கிறவங்களை எப்படி வீட்டுக்குள்ள விடறதும்பாங்க. ஆனா இருக்காதுங்க. முதல் பன்னிரண்டு நாள்தான் வலி. அப்புறம் போன இடம் தெரியல. எல்லாம் இவங்க கைராசி." தன் வயிற்றை மத்தளம் மாதிரித் தட்டிக் காட்டினார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய கேக் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வாயைத் திறங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

தங்கை பேசாமல் இருந்தால் போதும். நாளை ரத்தம், அடுத்த வாரம் அம்மா, அதற்கடுத்த மாதம் கல்யாணம்.

அவள் பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள். கேக் துண்டு மூவருக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

"நாளைக்கு ரத்தம் குடுக்காதீங்க," என்றாள்.

"ஏன்?" அவர் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

தங்கை மாவு படிந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீங்க துடிக்கிறதப் பார்க்க முடியாம, முப்பது நாளா நான் உங்களுக்குக் குடுத்தது அரிசி மாவு ரொட்டி."